மரநாய்கள் இறங்கிப் போன வீடு

நம்பாதவர்களுக்கு நான் சத்தியம் பண்ணப் போவதில்லை. போன ஆவணி, ஒரு வெள்ளிக்கிழமை, புங்குடுதீவு இறுப்பிட்டியில் என் வளவில் நடந்தது. அன்று நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெகதீஸ். கோழி வளர்க்கிறேன்.

பக்கத்து வளவு மார்க்கண்டு அண்ணையுடையது. மூன்று வருடங்களுக்கு முன் மகள் நிலாந்தினி அவரைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டைப் பூட்டி, திறப்பையும் தன் நாய் வீமனையும் அவர் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். ஆளில்லாத வீடு என்றால் மரநாய்க்குக் கொண்டாட்டம். கூரைக்குள் ஒரு தாய், மூன்று குட்டிகள். பொழுதுபட்டால் இறங்கி என் கோழிக்கூட்டுக்கு வரும். வீமன் வேலியிலேயே மறிப்பான். ஒரு சண்டையில் அவனுக்குப் பாதிக் காது போனது. அதற்குப் பிறகும் விடவில்லை. அவன் இல்லாவிட்டால் என் கூட்டில் ஒரு சிறகுகூட மிஞ்சியிராது. அவன்மேல் எனக்கு உயிர்.

அன்று இரவு ஏழு பத்து. வீமன் குரைத்தான். வழக்கமான குரைப்புத்தான். ரோச்லைற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மரநாய்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆனால் இறங்கிய விதம் சரியில்லை. தாய் ஒரு குட்டியை வாயில் கவ்வியிருந்தது. மற்ற இரண்டும் பின்னால். வீமனின் மூக்குக்கு முன்னாலேயே வேலியைக் கடந்து ஓடின. கோழிக்கூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீமனும் அவற்றைப் பார்க்கவில்லை. குரைப்பை நிறுத்திவிட்டு அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கூடு நிறையக் கோழிகள்... ஒரு கொக்கரிப்பு இல்லை.

ஏழு இருபத்தைந்து. பூட்டிக் கிடந்த வீட்டின் குசினி அடுப்படிப் பக்கம் ஒரு சத்தம்.

டங்... டங்... டங்...

அலுமினியத் தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தம். மார்க்கண்டு அண்ணை வீமனைச் சோற்றுக்குக் கூப்பிடுவது அப்படித்தான். வீமன் முனகினான். வால் ஆடியது. வேலி இடுக்கால் புகுந்து ஓடிவிட்டான்.

கோயில் திருவிழாக் காலம் அது. கனடாக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது எங்களூரில் புதினமில்லை. எனக்குச் சந்தோசம்தான் வந்தது. வேலியடியில் நின்று கூப்பிட்டேன்.

“மார்க்கண்டு அண்ணை! எப்ப வந்தனீங்கள்?”

இருட்டுக்குள்ளிருந்து...

“இப்பத்தான்.”

அவருடைய குரல். களைத்திருந்தது.

“சாப்பிட வாங்கோவன், அண்ணை.”

“வேண்டாம். ஜெகதீஸ்... வீமன் என்னோடை வரட்டோ?”

வயதான மனிதர், ஆசையாகக் கேட்கிறார். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத ஊர் இது. வாய் தானாகச் சொன்னது.

“இதென்ன கேள்வி? உங்கடை நாய்தானே. கூட்டிக்கொண்டு போங்கோ.”

தட்டுச் சத்தம் நின்றது. மணி ஏழரை.

வீட்டுக்கு வந்து மனைவி அம்பிகையிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள்.

“திறப்பு எங்கடை அலுமாரிக்குள்ளை எல்லோ கிடக்கு. அவர் எப்பிடி உள்ளுக்குப் போனவர்?”

அலுமாரியைத் திறந்தேன். கிடந்தது.

எடுத்துக்கொண்டு ஓடினேன். முன்கதவில் பூட்டு. பின்கதவில் பூட்டு. யன்னல்கள் எல்லாம் சாத்தியபடி.

“வீமன்!”

உள்ளே... நாய் சோறு நக்கும் சத்தம்.

சளக்... சளக்...

திறப்பு கையில்தான் இருந்தது. கை எழவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஓடி வந்துவிட்டேன்.

விடிய ஐந்தே முக்கால். அம்பிகையையும் கூட்டிக்கொண்டு போய்த் திறந்தேன். நிலமெங்கும் மூன்று வருடத் தூசி. அதில் நாயின் காலடிகள். கதவின் உட்புறத்தில் தொடங்கின. குசினி வரை போயின. திரும்பி வரவில்லை.

வீமன் அங்கே இல்லை. எங்கேயும் இல்லை.

ஆறு பத்துக்கு நிலாந்தினி கனடாவிலிருந்து போன் எடுத்தாள். அழுதாள்.

“மாமா, அப்பா போயிட்டார். இஞ்சத்தை நேரம் காலமை பத்து மணிக்கு.”

அங்கே காலை பத்து. இங்கே இரவு ஏழரை.

அவள் தொடர்ந்தாள்.

“ஒரு கிழமையா நினைவில்லாமல் கிடந்தவர், மாமா. கடைசியிலை மட்டும் கண்ணைத் திறந்து சிரிச்சவர். ‘ஜெகதீஸ் நாயைத் தந்திட்டான்’ எண்டு சொன்னவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை...”

மூக்கை உறிஞ்சினாள்.

“வீமன் உங்களோடைதானே நிக்கிறான்?”