தொட்டி வாயில் வரதன்

மணலியில் மாசானம் அண்ணாச்சியின் டேங்கர் கழுவும் யார்டில் வரதனுக்கு இருந்த வேலை, லாரி மேல் ஏறி உட்கார்ந்து, உள்ளே இறங்கியவனைத் திட்டுவது. இதற்கெல்லாம் சம்பளமா என்று கேட்காத ஆள் அந்த யார்டில் கிடையாது.

டேங்கர் தொட்டிக்கு மேல்பக்கம் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வாய் இருக்கும். கழுவப் போகிறவன் மார்பில் பெல்ட் மாட்டிக் கயிற்றோடு இறங்குவான். கயிற்றின் மறுமுனை வரதன் கையில். உள்ளே இருப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் மூச்சுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அழுக்கைச் சுரண்டுகிறவனுக்கு என்ன பேச்சு வரும்? நல்லா இருக்கியா என்று கேட்டால் ஒரு "உம்" வந்தால் உண்டு. திட்டினால் மட்டும் பதில் தவறாமல் வந்தது.

முன்பு வரதன் வேலை பார்த்த இடத்தில் ஒருவன் தொட்டிக்குள் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கத் தம்பி இறங்கினான். தம்பியைத் தூக்க மச்சான் இறங்கினான். மூன்று உடல்களையும் தீயணைப்புக்காரர்கள்தான் வெளியே எடுத்தார்கள். நான்காவதாக வரதன் ஒரு காலை உள்ளே விட்டிருந்தான். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததால் இன்னும் வியாசர்பாடியில் ரேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்கு வந்தது மொலாசஸ் லாரி. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கருப்புப் பாகு. அடியில் தங்கிய பாகில் மழைத்தண்ணீர் கலந்து, மூடியபடியே சில நாள் வெயிலில் நின்றிருந்தது. ஆசிட் லாரி என்றால் யார்டே பத்தடி தள்ளி நிற்கும். மணலிக்காரர்கள் மூக்கை நம்புகிறவர்கள். நாற்றம் அடித்தால்தான் ஆபத்து. இதில் வெல்லம் காய்ச்சும் வாசனை அடித்தது.

"பாயசக் குண்டானுக்கு இன்னாத்துக்கு மாமு கயிறு?" என்றான் அன்று உள்ளே இறங்க வேண்டிய பீம்ராவ்.

"கட்டிக்கினு எறங்கு."

கயிறு கட்டினார்கள். ஆனால் ஆசிட் லாரிக்குப் போடுகிற, காற்று ஊதும் மெஷினைப் போடவில்லை. வாசனையில் வரதனும் ஏமாந்துதான் போனான்; புளித்த பாகு உள்ளே மூச்சுக்காற்றைத் தின்றுவிட்டிருந்தது.

பீம்ராவ் இறங்கியதும் வரதன் ஆரம்பித்தான். "கேரம்ல ஒரு காயின் போடத் தெரியாது, நீயெல்லாம் டீமுக்கு கேப்டனு."

"நேத்து உன்ன கதறவுட்டது யாருன்னு தோஸ்துங்களக் கேளு."

"ஸ்ட்ரைக்கர் புடிக்கிற கையப் பாரு. பஜ்ஜி போடுற மாரி."

பதில் இல்லை.

"டேய் பஜ்ஜி."

இல்லை.

வரதன் கயிற்றை இழுத்துப் பார்த்தான். கனத்தது. கீழே நின்ற டிரைவர் நசீரைக் கூப்பிட்டான். நசீர் நல்ல மனுஷன். ஏறி வந்து எட்டிப் பார்த்தவன், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே கால் வைக்கப் போனான். வரதன் அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து உட்கார வைத்தான்.

"வுடு வரதா, அவன் செத்துடுவான்."

"எறங்குனா ரெண்டு பொணம். கயித்தப் புடி. இழு."

இழுத்தார்கள். தலை இடித்து, தோள் சிராய்த்து, பாகில் ஊறிய பணியாரம்போல பீம்ராவ் வெளியே வந்தான். சற்று நேரம் சும்மா கிடந்தான். பிறகு இருமினான், வாந்தி எடுத்தான். நசீர் தன் சட்டையைத் தேடி எடுத்து, அதில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

ஆஸ்பத்திரியில் பீம்ராவின் மனைவி கார்குழலி, கணவனின் தோளைப் பார்த்துவிட்டு வரதனிடம் வந்தாள்.

"தோலே உரிஞ்சி கீது. இன்னாண்ணா இப்டி இழுத்து கீற?"

"அடுத்த வாட்டி மெதுவா இழுக்கறம்மா."

"அடுத்த வாட்டியா?"

வரதன் பஸ் பிடித்தான். பஸ்ஸிலும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

அடுத்த மொலாசஸ் லாரி வந்த அன்று, தொட்டிக்குள் காற்று எப்படி என்று காட்டும் மீட்டரை அண்ணாச்சியின் மேஜை டிராயரிலிருந்து எடுத்தான். வாங்கின நாளிலிருந்து அது உறைக்குள்ளேயே இருந்தது. உறையைக் கிழித்து, மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டான். அது கத்தியது. காற்று மெஷினைப் போட்டுவிட்டு லாரி மேல் உட்கார்ந்துகொண்டான்.

"ஏ வரதா, சக்கரைப் பாவு லாரிக்கா காத்து ஊதுத?" என்றார் அண்ணாச்சி. "பின்னாடி ரெண்டு வண்டி நிக்கி."

"மீட்டரு கத்துது அண்ணாச்சி."

"எப்பம் நிப்பாட்டும்?"

"உள்ள காத்து சரியானா நிப்பாட்டும்."

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. மீட்டரும் கத்தியது. யாரும் இறங்கவில்லை.