மூன்று பூட்டும் ஒரு ஆணியும்

கடைத்தெருவில் எல்லோருக்கும் அவள் பூட்டுக்காரி. சிறுவயதில் வீட்டுக்குள் திருடன் புகுந்தபோது கட்டிலுக்கடியில் மூச்சை அடக்கிக் கிடந்தவள். இப்போது அவள் கதவுக்கு மூன்று பூட்டு. அடுத்தவர் சாவிக்கு நகல் வைத்துக்கொள்வதில்லை என்பதைத் தொழிலில் ஒரு விரதமாகவே காத்துவந்தாள். அதனால்தான் ஊர் தன் கதவுகளை அவளிடம் ஒப்படைத்தது.

பக்கத்துத் தெருவில் தனியாகக் குடியிருந்த பஸ் டிரைவர் அவளுக்கு நேர் எதிர். கதவைச் சாத்துவதோடு சரி. அவரே ஒருநாள் கடைக்கு வந்து நின்றார்.

“நான் வேலைக்குப் போனப்புறம் யாரோ வீட்டுக்குள்ள வர்றாங்க. நாற்காலி ஜன்னல் பக்கம் நகர்ந்திருக்கு. கோப்பையைக் கழுவி வேற கவுத்து வச்சிருக்காங்க.”

“கோப்பை கழுவுற திருடனா? பிடிச்சா என் வீட்டுக்கும் அனுப்புங்க.”

அன்றே புதுப் பூட்டு மாட்டி, இரண்டு சாவியையும் அவர் கையில் கொடுத்தாள். மறுநாளும் நாற்காலி நகர்ந்திருந்தது. போய்ப் பார்த்தாள். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ சாவி போட்டே திறந்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் சாவி செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். டிரைவர் பக்கம் திரும்பினாள்.

“என்மேல சந்தேகமா?”

“சந்தேகம்னா உங்ககிட்டயா வருவேன்?”

இப்படியும் ஒரு மனுஷன் நம்புவானா என்று அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

அடுத்த நாள் அவரை வழக்கம்போல வெளியே பூட்டிவிட்டுப் போகச் சொல்லி, உள்ளே சுத்தியலோடு உட்கார்ந்தாள். பதினோரு மணிக்குச் சாவி திரும்பியது. கட்டிலுக்கடியில் கிடந்த சிறுமி உடம்புக்குள் விழித்துக்கொண்டாள். ஆனாலும் எழுந்து கதவுக்கு நேராக நின்றாள்.

உள்ளே வந்தது மாடிவீட்டு நர்ஸ்.

“ஐயையோ, சுத்தியலைக் கீழ போடும்மா! மேல சுவர் இடிக்கிறாங்க, நைட் டியூட்டி முடிச்சு வந்தா தூங்க முடியல. எப்ப வேணா வந்து உட்காருங்கக்கான்னு தம்பிதான் சொல்லிச்சு.”

“சாவி ஏது?”

“வெளிய ஆணியில தொங்குதே! ரெண்டும்!”

மாலையில் டிரைவர் தலையைச் சொறிந்தார். “கையில வச்சிருந்தா தொலைச்சிடுவேங்க. அக்காகிட்ட சொன்னது சுத்தமா மறந்துபோச்சு.”

பூட்டுக்காரி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அதன்பின் பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று இவளும், விட்டது போதவில்லை என்று அவரும் சந்திப்பதற்கு மாறி மாறிச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து அவள் தன் கதவில் இரண்டு பூட்டைக் கழற்றினாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது; கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தது. மிச்சமிருந்த பூட்டுக்கு, வாழ்க்கையில் முதன்முறையாக, இன்னொரு சாவி செய்தாள்.

“ஆணியில மாட்டினீங்க, தெரியும் சேதி.”

அவருடைய சட்டைப்பையில் ஓட்டை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் சாவியைப் போட்டாள்.