அருள் சார் அனுப்பிய சாவுச் சேதி

அருள்பிரகாசம் இறந்த சேதி அவருடைய போனிலிருந்தே போனது. அனுப்பியவள் மகள் கரோலின். அவர் படம், பெயர், மாலை நாலு மணிக்கு அடக்கம் என்று ஒரு வரி, காசிமேடு கல்லறைக்கு வழி காட்டும் லிங்க். 'நம்ம லேப்' என்ற குழுவில் போட்டாள். அவரிடம் படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் அதில்தான் இருந்தார்கள்.

அம்மா ஹில்டா காலையிலிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பெட்டிய அவராண்ட படிச்ச பிள்ளைங்கதான் தூக்கணும். நேத்து ராத்திரி ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிக்கினு சொன்னாரு. வேற இன்னாவும் கேக்கல அந்த மனுசன்."

மாதா கோயிலில் சாவு மணி அடித்ததும் ராயபுரத்துச் சனம் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் இருப்பது வியாசர்பாடியில், சடையங்குப்பத்தில், எண்ணூரில். மணிச் சத்தம் அங்கெல்லாம் போகாது. போன்தான் போக வேண்டும்.

போனில் போன சேதிக்குப் பதில் வந்தது. முதலில் ஒரு சிரிக்கும் மூஞ்சி. அப்புறம் நான்கைந்து. பிறகு யாரோ எழுதினார்கள்: 'சார், இந்தத் தபா மாட்ட மாட்டோம்.'

கரோலினுக்குப் புரியவில்லை. பெங்களூரில் ஒரு வங்கியின் நெட்வொர்க்கைக் காவல் காக்கும் வேலை அவளுக்கு. மாடியில் அப்பா வகுப்பு எடுக்கிறார் என்று தெரியும். எப்படி எடுக்கிறார் என்று தெரியாது.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் அருள்பிரகாசம் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒரு நாள் யார்டின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. பக்கத்து நாற்காலிக்காரன் மெயிலில் வந்த ஒரு போலி பில்லைத் திறந்திருந்தான். லாரிகள் வரிசையாக நின்றன. அவனை அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். "எதத் தொடக் கூடாதுன்னு அவனுக்கு எவனும் சொல்லித் தரலையே. தொட்டுப் பாத்தாத்தானே தெரியும்" என்று அருள்பிரகாசம் வீட்டில் பல நாள் புலம்பிக்கொண்டிருந்தார்.

வேலையை விட்டதும் மாடியில் தகரக் கூரை போட்டார். சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளுக்கு எடைக்கு வந்த பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி ஒன்றோடொன்று இணைத்தார். வெளியே போகும் வயர் கிடையாது. "இந்த ரூமுக்குள்ள இன்னா வேணா உடை. வாசப்படியத் தாண்டிச்சின்னா நானே உன்ன போலீசாண்ட இட்டுக்கினு போவேன்." இதுதான் முதல் பாடம். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய சென்டர்களில் மாதக்கணக்கில் திரையில் படம் காட்டுவார்கள். இங்கே வந்த அன்றே ஒரு மிஷினின் பூட்டை உடைத்து உள்ளே புக வேண்டும், மறுநாள் அதைச் சரி பண்ண வேண்டும். கரண்டு பில்லுக்கும் டீக்கும் ஆகிற அளவுதான் ஃபீஸ். அதையும் தர முடியாதவர்கள் டீ வாங்கி வருவார்கள்.

சனிக்கிழமைகளில் ஆட்டம். ஒருவருக்கொருவர் பொய்ச் சேதி அனுப்பி ஏமாற்ற வேண்டும். ஏமாந்து லிங்க்கைத் தொட்டவர் லேபைப் பெருக்க வேண்டும். பேங்க், பரிசு, கேஸ் மானியம் எதற்கும் யாரும் விழாமல் போனார்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வரும் ஷாலு ஒரு வாரம், கூடப் படிக்கும் நிலவனை வைத்து இப்படி எழுதினாள்: 'நிலவன் அப்பா தவறிட்டாரு. விவரம் இதுல.' மொத்த வகுப்பும் தொட்டது. அந்த ஏரியாவில் சாவு என்றால் புத்திக்கு முன்னால் கை போய்விடும். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், மாலைக்கு யாரிடம் சொல்வது என்று பார்க்கிற அவசரம். அருள்பிரகாசமும் தொட்டார். அவரே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார்.

பெருக்கி முடித்துச் சொன்னாராம்: "நம்ம சனம் விழற குழி இதுதான். இனிமே சாவுன்னு வந்தா போன நம்பாத. குரல நம்பாத, வீடியோவ நம்பாத, எல்லாத்தையும் மிஷினு செய்யிது." அதன் பிறகு ஆட்டத்துக்காக அவரே பலமுறை செத்தார். ஒருமுறை எண்ணூரில் லாரி அடித்து. ஒருமுறை மாரடைப்பில். பிள்ளைகள் தேறினார்கள்.

இதையெல்லாம் ஹில்டா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது கரோலின் மறுபடி போனைத் திறந்தாள். குழுவில் அவள் அனுப்பிய படத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். படம் இன்றைக்குச் செய்தது என்றான் ஒருவன். செத்தவர் போனிலிருந்தே சேதி வருமா என்றாள் இன்னொருத்தி.

அப்பாவின் போனிலிருந்தே ஷாலுவுக்குப் போன் போட்டாள்.

"சார், நேரா லைன்லயே வந்துட்டீங்களா?"

"ஷாலு, நான் கரோலின் பேசறேன். அப்பா செத்துட்டாரு. நிஜமா."

"அக்காவையே எறக்கிட்டாரா? அழுவுறது கூட ஷோக்கா கீதுக்கா. லாரி அடிச்சப்ப யார்டு அங்கிள் பேசுனாரு, அவருக்கு அழுவ வரல."

"வீடியோல வரியா?"

"சார்தான் நம்பாதன்னாரே."

கேமராவைப் பெட்டிப் பக்கம் திருப்ப அவளுக்கும் மனம் வரவில்லை. வைத்துவிட்டாள். மாமா ஜெரால்டின் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"பொணத்த வுட்டுட்டு எங்கடி போற?" என்றாள் ஹில்டா.

"போன்ல சொன்னா வர மாட்டாங்கம்மா."

வியாசர்பாடியில் பிளாக் பிளாக்காக விசாரித்தாள். கதவைத் திறந்த ஷாலு தலைக்குக் குளித்து ஈர முடியோடு நின்றாள். சிரிக்க வாயைத் திறந்தவள் கரோலினின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"எப்போக்கா?"

"விடியக்காலைல."

ஷாலு உடனே நிலவனுக்குப் போன் போட்டாள். "நீயுமா மாட்டிக்கின? போய் லேபைப் பெருக்கு" என்று அவன் வைத்துவிட்டான். அவள் தன் போனைக் கட்டிலில் எறிந்தாள். "நீ வூட்டுக்குப் போக்கா. நான் வூடு வூடாப் போறேன். மூஞ்சப் பாத்தா நம்பிடுவானுங்க."

கல்லறையில் அடுத்து இன்னொரு அடக்கம் இருந்தது. ஃபாதரால் காத்திருக்க முடியவில்லை. பெட்டி வண்டியில் ஏறியபோது பிள்ளைகள் ஒருவரும் இல்லை. கல்லறைக் கேட்டில் இறக்கி, ஜெரால்டும் யார்டு ஆட்களும் தோள் கொடுக்கக் குனிந்தார்கள்.

"வைங்க கீழ" என்றாள் ஹில்டா.

"அக்கா, நேரமாவுது."

"வைன்னா வைடா."

வைத்தார்கள். வெயில் பெட்டியின் மேல் அடித்தது. பின்னால் வந்த இன்னொரு வீட்டுச் சாவு கேட்டுக்கு வெளியே நின்றது. ஃபாதர் செபப் புத்தகத்தில் விரலை வைத்தபடி நின்றார்.

முதலில் ஒரு ஆட்டோ வந்தது. ஷாலுவும் மூன்று பேரும் இறங்கினார்கள். ஒருவன் சாப்பாடு டெலிவரி செய்கிற சட்டையோடு வந்திருந்தான். அப்புறம் ஒரு பைக்கில் இரண்டு பேர். நேரே வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். தோள்களின் உயரம் ஒத்துப்போகாமல் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. குட்டையாக இருந்த ஷாலு துப்பட்டாவைச் சுருட்டித் தோளில் வைத்து அதைத் தாங்கினாள்.

செபம் முடிந்து எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுக்கொண்டிருந்தபோது கரோலினின் கையில் அப்பாவின் போன் அடித்தது. நிலவன். எண்ணூரிலிருந்து.

"சார், காலைலேர்ந்து நோண்டிக்கினு கீறேன். லிங்க்கு நல்ல லிங்க்குதான். படத்துலயும் ஒண்ணும் இல்ல. பொய் எங்க வெச்சிக்கீறீங்க? தோத்துட்டேன், சொல்லிடுங்க சார்."

கரோலின் குழியருகிலிருந்து தள்ளி நடந்தாள்.

"சார்?"

"பொய் இல்ல, நிலவா."

எதிர் முனையில் எதுவோ கீழே விழுந்தது. லைன் கட்டாகவில்லை. பைக்கை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாருடி?" என்றாள் ஹில்டா.

"நிலவன். இப்பத்தான் கெளம்புறான்."

ஹில்டா குழிவெட்டுபவரிடம் போனாள். அவர் மண்வெட்டியை ஓங்கியிருந்தார்.

"கொஞ்சம் மண்ண ஓரமா வையிப்பா. ஒரு புள்ள வரணும்."

"எங்கேர்ந்தும்மா?"

"எண்ணூர்."

அவர் சாலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மண்வெட்டியால் ஒரு குவியலை இழுத்துத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதியைத் தள்ள ஆரம்பித்தார்.