ஒரே முகத்துக்கு இரண்டு பேனர்

எந்த முகம் வந்தாலும் பொன்மணி அக்கா முதலில் கண்ணைத்தான் பெரிதாக்குவாள். திரை முழுக்க ஒரே கருவிழி. அதன் மேல் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. மறு கண்ணிலும் அதே இடத்தில் ஒன்று. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, அந்த முகம் தன்னைப் பார்க்கிறதா என்று காத்திருப்பாள். சிவகாசியில் நாங்கள் வேலை பார்க்கும் ஃபிளெக்ஸ் கடையில் பாதி ஆர்டர் கண்ணீர் அஞ்சலிதான். முச்சந்திகளில் இறந்தவர்கள் விழித்திருந்தார்கள்.

அக்கா எம். புதுப்பட்டியில் பாலகுரு என்ற பெயரில் வளர்ந்தவள். வெளியூர்ப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய், அங்கே சேலை கட்டினாள். செய்தி தெரிந்த வாரமே அப்பா வேலுச்சாமி, ஊர் முக்கில் பாலகுருவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார். பிடிக்காத பிள்ளையை இப்படிக் கணக்கு முடிப்பது எங்கள் பக்கம் நடப்பதுதான். அம்மாவும் சேர்ந்துதான் தன்னைக் கொன்றாள் என்பாள் அக்கா. நான்கு வருடமாக அவள் ஊருக்குப் போகவில்லை.

இந்த ஜூனில் திருநர், தன்பாலீர்ப்பாளர் பெருமை மாதத்துக்காகப் பஸ் ஸ்டாண்ட் சாலையில் பேனர் கட்ட மாநகராட்சி நிதி ஒதுக்கியது. வரிப்பணம் இதற்கா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். கவுன்சிலர் சொர்ணலட்சுமி, "செத்தவுகளுக்கு வச்சப்ப கேக்கலையே. உசுரோட இருக்கவுகளுக்கு வச்சா மட்டும் ரோடு தாங்காதோ?" என்றாராம்.

பன்னிரண்டு கம்பம். பதினோரு பேர் படம் கொடுத்தார்கள். பன்னிரண்டாவதாக அக்கா தன் முகத்தை வைத்து, புதுப்பட்டி பஸ் திரும்பும் இடத்தில் கட்டச் சொன்னாள்.

"எங்கம்மா பாக்கணும்லே. நான் சாகலைன்னு அவளுக்குத் தெரியணும்."

இரண்டே நாளில் பேச்சு கிளம்பியது. கம்பெனிக்குப் போகும் பெண்கள் அந்தத் திருப்பத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். செத்த பாலகுரு பொட்டு வைத்துக்கொண்டு பார்க்கிறான் என்றார்கள். காற்றே இல்லாத மதியத்தில் அந்த ஒரு பேனர் மட்டும் அசைந்ததை நானும் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அக்காவின் அம்மா சின்னத்தாய் வந்தாள். கம்பம் எங்கள் கடைக்கு நேர் எதிரே. பட்டாசு வேலையிலிருந்து நேரே வந்திருந்த அவள் விரல்களில் வெடிமருந்தின் வெள்ளிப் பூச்சு அப்படியே இருந்தது. கம்பத்தடியில் இலை விரித்து, கருப்பட்டிச் சேவு வைத்து, சூடம் கொளுத்தினாள். இறந்தவருக்குப் போடும் படையல்.

ஜன்னலில் நின்ற அக்காவின் முகம் இறுகிவிட்டது. "உசுரோட இருக்கவளுக்குப் படையல் போடுதா பாரு. இன்னும் எத்தன வாட்டிக் கொல்லணுமாம்?" தான் உள்ளே இருப்பதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நான் சாலையைக் கடந்தேன். சின்னத்தாய் அண்ணாந்தபடியே கேட்டாள்.

"எய்யா, கண்ணு முளிச்சிருக்கானே. எங்கிட்ட என்னமும் கேக்குதானா?"

எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். புதுப்பட்டி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

ஜூலையில் பேனர்களை இறக்க வந்த கருப்பணனுக்கும் அதே ஊர். அந்தக் கம்பத்தில் மட்டும் ஏற மறுத்தார். நான்கு வருடத்துக்கு முன், பாலகுரு கம்பெனி வெடிவிபத்தில் போய்விட்டான், உடம்புகூடக் கிடைக்கவில்லை, சாம்பல்தான் என்று சொல்லி வேலுச்சாமி மூடிய சட்டி ஒன்றைக் கொண்டுவந்தாராம். அந்தச் சாம்பலைச் சின்னத்தாய்தான் தன் கையால் வைப்பாற்றில் கரைத்தாள், தானும் கூடப் போயிருந்ததாகச் சொன்னார்.