இன்ஷிராஹின் மீன் ஜோடி

தந்தா நகரத்தில் கணக்கு டீச்சராக இருந்த இன்ஷிராஹ் பெரிய கோபக்காரி. உடன் வேலை பார்ப்பவர்கள்கூட அவள் முகம் பார்த்துத்தான் பேச்செடுப்பார்கள். அவள் பொறுமையாக இருந்த ஒரே இடம் வீட்டு மீன் தொட்டி. அதில் ஓர் ஏஞ்சல் மீன் ஜோடி வளர்த்தாள். அவை முட்டையிடும், யாராவது கிட்டே போனால் மிரண்டு தாமே தின்றுவிடும். எத்தனையோ முறை இப்படி ஆனபின், தொட்டியைச் சுற்றிப் படுக்கை விரிப்பைக் கட்டி, வந்தவர்களைச் சமையலறையிலேயே உட்காரவைத்தாள். கடைசியில் ஒருமுறை ஜோடி முட்டைகளைத் தின்னாமல், துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நின்றது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் பெற்றோர் பின்னால் பொடிப்பொடியாக நீந்தின.

அந்த வாரமே ஒருநாள் பள்ளிவிட்டு வந்து பார்த்தால் ஜோடியைக் காணோம். குஞ்சுகள் மட்டும் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தன.

"மேனேஜர் வீட்டுக்குக் குடுத்துட்டேன்," என்றான் கணவன் ரிஃப்அத். "அவர் சம்சாரம் ஆசைப்பட்டாங்க. ரெண்டு மீன்தானே?"

அவள் வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு இறங்கினாள். தன் வேலைக்கு உலை வைக்கிறாளே என்று புலம்பியபடி அவன் தெருவரை வந்து நின்றுவிட்டான்.

மேனேஜர் ஃபிக்ரி வீட்டில் மீன்கள் ஒரு பூ ஜாடியில் கிடந்தன. குழாயில் பிடித்த, குளோரின்கூடப் போகாத பச்சைத் தண்ணீர். ஆண்மீன் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது.

"உக்காரும்மா, டீ குடி. மீனுக்கா இவ்ளோ கோவம்?" என்று ஃபிக்ரி சிரித்தார்.

"உங்க வீட்டுப் பொருளை உங்களைக் கேக்காம தூக்கிட்டுப் போனா, நீங்க டீயா குடுப்பீங்க?"

ஃபிக்ரியின் சிரிப்பு நின்றது. அவர் மனைவி ஸூஹைர் கொண்டுவந்த டீத் தட்டைக் கீழே வைத்தாள். "நீங்கதான் பிரியமா குடுத்தனுப்பினதா உங்க வீட்டுக்காரர் சொன்னாரே," என்றாள். அவளே குனிந்து மீன்களை வாளிக்கு மாற்றிக் கொடுத்தாள்.

தன் பெயரைச் சொல்லியே கொடுத்திருக்கிறான் என்பதுதான் இன்ஷிராஹுக்குப் பொறுக்கவில்லை. வழியிலேயே ஆண்மீன் செத்தது. தொட்டியில் விட்ட பெண்மீனோ மிரட்சியில் சொந்தக் குஞ்சுகளையே விழுங்கத் தொடங்கியது. உதவ வந்த ரிஃப்அத்திடம், "கைய எடு," என்றாள். கிண்ணத்தால் மொண்டு மொண்டு தப்பியவற்றைத் தனியே பிரித்தாள்.

பாதிக்குமேல் பிழைத்து வளர்ந்தன. ஸூஹைர் தொட்டி வாங்கி, தண்ணீரைப் பதப்படுத்தி வைத்துவிட்டு நேரில் வந்து கேட்டபோது, இன்ஷிராஹ் அவளுக்கு நான்கு கொடுத்தாள். ரிஃப்அத் எவ்வளவோ மன்னிப்புக் கேட்டான். சாப்பாடு போட்டாள், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை.