திங்கட்கிழமை வீரன், வியாழக்கிழமை இளவரசி

வடகடலில் கப்பலோட்டிய வைக்கிங் வீரர்களையும் பழைய இங்கிலாந்தின் சாக்ஸன் இளவரசிகளையும் வைத்து நான் பன்னிரண்டு காதல் நாவல்கள் எழுதியிருக்கிறேன். கப்பலில் கால் வைத்ததில்லை. குதிரை ஏறியதில்லை. காதலிலும் அனுபவம் போதாது என்று என் மனைவி சொல்வாள். ஆனாலும் புத்தகங்கள் விற்றன. என் எழுத்துக்காகத்தான் விற்கின்றன என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். வாசகர் கடிதங்களைப் பிரித்தால் பத்தில் ஒன்பது அட்டைப்படத்தைப் பற்றியே இருக்கும். அந்த வீரனின் தாடி, அந்த இளவரசியின் கலங்கிய கண்கள், இதே பேச்சுதான். உள்ளே ஒருவன் முந்நூறு பக்கம் மெனக்கெட்டிருப்பது பலருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அதனால் அந்தத் தாடிக்குச் சொந்தக்காரரைப் பற்றி எழுத எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஆனால் என் புத்தகத்தையே மாற்றியவர் என்பதால் விடவும் மனசில்லை.

எங்கள் தெருமுனையில் சலூன் வைத்திருந்தார் அவர். இரண்டு நாற்காலிகள், அதில் ஒன்று சுழலாது. வயது நாற்பத்துமூன்று, கல்யாணம் ஆகவில்லை. மார்பு வரை இறங்கும் செம்பட்டைத் தாடி. ஊருக்கெல்லாம் தாடி எடுப்பவருக்குத் தன் தாடி கண்ணில் படவில்லையா என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. அவர் சிரிப்பார். ஆள் ரொம்பக் குட்டை. நாற்காலியின் பின்னால் ஒரு பலகை போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் முடி வெட்டுவார். அட்டையில் மட்டும் ஆறரை அடி. தெருவில் எல்லோரும் அவரை 'வைக்கிங்' என்றே கூப்பிட்டார்கள்.

அட்டை வரைந்த ஓவியர் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையில் இருந்தார். கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் வரையமாட்டார். உயரத்தை மட்டும் ஸ்டூல் போட்டுச் சரிக்கட்டிக்கொள்வார். சலூனுக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்ததற்குப் பதிலாக வைக்கிங் அவருக்கு மாடலாக நின்றார். தலையில் கவிழ்த்த அலுமினியப் பாத்திரம், கையில் பழைய மின்விசிறியின் இறக்கை, தோளில் ஒரு சாம்பல் நிறக் கம்பளி. திங்கட்கிழமை மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில், போட்டிருந்த சட்டையோடு ஓடி வந்து, அதன்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் ஏறுவார். இளவரசியை அணைப்பதற்குப் பதில் ஒரு கோட் ஸ்டாண்டை அணைத்துக்கொள்வார்.

இளவரசி வருவது வியாழக்கிழமை. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். நல்ல உயரம், கணீரென்ற குரல். பயிற்சிக்கு வந்தவர்கள் காரைச் சுவரில் மோதினாலும் கண் இமைக்காதவர். எல்லோருக்கும் டீச்சர். தன் கார்களுக்கு ஓவியர் எழுதிக் கொடுத்த பலகைகளுக்குப் பதிலாக இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டார். அவரும் அதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதே கோட் ஸ்டாண்டில் தலை சாய்ப்பார். ஆக, ஆறு வருடமாகப் பதினோரு அட்டைகளில் ஆரத்தழுவி நின்ற இந்த இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் வைக்கிங்தான். தன்னைப் பற்றி டீச்சரிடம் மூச்சு விடக்கூடாது என்று ஓவியரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். டிரைவிங் ஸ்கூல் இருக்கும் தெருவைத் தவிர்க்க, காய்கறி வாங்கக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பன்னிரண்டாவது நாவலின்போதுதான்.

அன்று முகச்சவரம் செய்துகொள்ளப் போயிருந்தேன். பதிப்பாளர் இத்தோடு கதையை முடிக்கச் சொல்லிவிட்டார் என்றும், வீரனைக் கடலில் சாகடிக்கப் போகிறேன் என்றும், கரையில் நடக்கும் பிரிவுக் காட்சிதான் கடைசி அட்டை என்றும் பேச்சுவாக்கில் சொன்னேன். கத்தி என் தொண்டைக்குழியில் அப்படியே நின்றது.

"சாகடிக்கணுமா சார்?" என்றார்.

கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு இலக்கியம் பேசினால் யார்தான் கொள்கையில் உறுதியாக இருப்பது. யோசிக்கிறேன் என்றேன். கத்தி அதன்பிறகும் நகரவில்லை.

"இது முடிஞ்சா அவங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமே இல்லாமப் போயிடும் சார். அவங்க வாரா வாரம் எனக்காக அழறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசைய முடியாததால் உள்ளுக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். பிறகு நிதானமாகக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. இரண்டாவது அட்டையிலிருந்து இளவரசியின் கண்கள் கலங்கியிருக்கின்றன. ஓவியரோ பார்த்ததை மட்டுமே வரைபவர். நிஜமாகவே அழுகிறாரா என்று வைக்கிங் கேட்டிருக்கிறார். கம்பளியைப் போர்த்திய அடுத்த நிமிஷமே கண்ணில் தண்ணீர்தான் என்று ஓவியர் சொல்லியிருக்கிறார். தான் போர்த்திய கம்பளியைத் தொட்டதும் ஒரு பெண் கண் கலங்குகிறாள் என்றால், மனுஷன் வேறென்ன நினைப்பார்?

அந்தக் கண்ணீரால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்றாவது நாவலின் அட்டை கல்யாணக் காட்சி. அதிலும் அழுகை. அட்டை முதலில் அச்சாகிவிட்டதால், கல்யாணத்தன்று அவளுடைய சித்தப்பா செத்துப்போனதாகக் கதையை மாற்றினேன். அதிலிருந்து புத்தகத்துக்கு ஒரு சாவு, ஒரு தீ விபத்து என்று அவள் அழக் காரணம் தேடுவதே என் பிழைப்பாகிவிட்டது. சாக்ஸன் வம்சத்தில் சித்தப்பாக்களே மிச்சமில்லை.

நேரில் போய்ப் பேசித் தொலைக்கவேண்டியதுதானே என்று எரிந்துவிழுந்தேன். அவர் தன் காலடியில் இருந்த பலகையைப் பார்த்தார். ஆறரை அடி வீரனுக்காக அழுபவள் முன்னால் இந்தப் பலகையிலிருந்து எப்படி இறங்குவது என்று மட்டும் கேட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

கடைசித் திங்கட்கிழமை வந்தது. நின்று முடித்ததும், கம்பளியைத் தான் கொண்டுபோய்த் துவைத்துத் தருவதாக வைக்கிங் ஓவியரிடம் கேட்டிருக்கிறார். ஆறு வருடத்தில் அது தண்ணீரைக் கண்டதில்லை. பேசத்தான் தைரியமில்லை, கடைசி முறையாவது அவர் சுத்தமான கம்பளியைப் போர்த்திக்கொள்ளட்டும் என்ற எண்ணம். சலூனின் பின்கட்டில் பெரிய வாளியில் முக்கினார். இரண்டு அலசலில் தண்ணீரின் மேல் முடி மிதந்தது. கறுப்பு, வெள்ளை, மருதாணிச் சிவப்பு. ஆறு வருடமாக அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு போன வாடிக்கையாளர்களின் முடி மொத்தமும் கம்பளிக்குள்தான் குடியிருந்திருக்கிறது. என் நரையும் அதில் இருந்ததாகப் பிறகு சொன்னார். தொழில்காரர், தெரியாதா.

வாளியைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். மூக்குக்குக் கீழே இத்தனை முடியை வைத்துக்கொண்டால் கல்லுக்கும் கண்ணீர் வரும் என்பது அப்போதுதான் உறைத்திருக்கிறது. ஆறு வருடக் காதல் வாளியோடு சாக்கடைக்குப் போயிற்று. ஆனால் மனுஷன் வேலையைப் பாதியில் விடவில்லை. ஏழு தண்ணீர் மாற்றினார். காயவைத்து, தன்னிடம் இருந்த நல்ல சீப்பால் கம்பளி முழுவதையும் சீவினார். புதன்கிழமை ஓவியரிடம் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்து, வீரனைச் சாகடித்துவிடுங்கள் சார் என்றார். சொல்லும்போது முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அழுதுவிடுவாரோ என்று பயந்தேன்.

வியாழக்கிழமை ஓவியர் என்னை அவசரமாக அழைத்தார். மாடியேறினால், டீச்சர் கம்பளிக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். கண் பளிச்சென்று இருக்கிறது. பிரிவுக் காட்சிக்குப் பிக்னிக் போகும் முகம். ஓவியர் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"அதை அந்தப் பக்கம் வைங்க. ஆறு வருஷமா இங்க மூச்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். அசையக்கூடாதுன்னு நீங்க கத்துவீங்கன்னு தும்மல அடக்கி அடக்கிக் கண்ணுல தண்ணி வந்துது. இன்னைக்குத்தான் நிம்மதியா இருக்கேன். யாரு இதைத் துவச்சது?" என்றார் டீச்சர்.

ஓவியர் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டார். நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. தெருமுனைச் சலூன்காரர் என்றேன்.

டீச்சர் கம்பளியோடும் தலையில் கிரீடத்துக்காக மாட்டியிருந்த பித்தளை வளையத்தோடும் எழுந்தார். கீழே நின்ற பயிற்சிக் காரில் ஏறினார். நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன். வாளியில் மிதந்த முடியையும், அவர் ஏழு தண்ணீரில் அலசிச் சீப்பால் சீவியதையும் வழியிலேயே சொல்லிவிட்டேன்.

வைக்கிங் பலகைமேல் நின்று ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் சாக்ஸன் இளவரசி நுழைவதைப் பார்த்ததும் கத்தரி கீழே விழுந்தது. டீச்சர் வாசலிலேயே ஆரம்பித்தார். வியாழக்கிழமை பிடிக்கும் அரிப்பு சனிக்கிழமை வரை விடாததையும், டாக்டர் அது பூனையால் வரும் ஒவ்வாமை என்று சொன்னதையும், ஆசையாக வளர்த்த பூனையை அத்தை வீட்டில் விட்டதையும் ஒரே மூச்சில் சொன்னார். பார்க்கப் போனால் அந்தப் பூனை இன்றுவரை முகம் கொடுப்பதில்லையாம். எல்லாம் இந்தக் கடை முடி.

வைக்கிங் பலகையிலிருந்து இறங்கினார். டீச்சரின் தோள் உயரம்கூட வரவில்லை.

"மன்னிச்சிடுங்க. நான் இவ்வளவுதாங்க," என்றார்.

பாதி வெட்டிய தலையோடு இருந்த ஆளும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"அது எனக்கு என்னைக்கோ தெரியும்," என்றார் டீச்சர். "அங்க இருக்கற ஸ்டூல் மேல ரெண்டு பாதம் பெயிண்ட்ல பதிஞ்சிருக்கு. அது என்ன, பூனை பாதமா? எங்கிட்ட எல்லா உயரத்துலயும் ஆள் வராங்க. சீட்டை முன்னாடி தள்ளிப் போட்டா எல்லாரும்தான் ஓட்டறாங்க."

அதற்குப் பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, கம்பளியைச் சீவிக்கூடக் கொடுத்தீர்களாமே என்று கேட்டார். எதற்கும் இமைக்காத அவர் கண்கள் அப்போது லேசாகக் கலங்கின. கம்பளியில் ஒரு முடி கிடையாது. அதற்கு நானே சாட்சி.

மறுநாள் இருவரும் சேர்ந்தே ஓவியரின் மாடிக்குப் போனார்கள். ஸ்டூலைத் தொடக்கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஓவியர் பார்த்ததை அப்படியே வரைந்தார். அட்டையில் இளவரசி வாய்விட்டுச் சிரிக்கிறாள். வீரன் அவள் தோளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறான். பதிப்பாளர் அச்சகத்துக்கு அனுப்பிய பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது.

நாற்பது பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். வீரன் சாகவில்லை. உயரம் குறைந்ததற்கு மட்டும் ஏதாவது சொல்லியாகவேண்டும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்தேன். பன்னிரண்டு புத்தகத்தில் நான் உண்மையாக எழுதிய வரி அது ஒன்றுதான் என்று என் மனைவி சொல்கிறாள்: 'இத்தனை நாளும் அவன் கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தான், இப்போதுதான் தரைக்கு இறங்கி வந்தான்.'