ஜன்னல் ஓரத்துக் கன்னம்

என் மகனுடைய நிச்சயதார்த்தத்தன்று, கீழ்பென்னாத்தூரில் பெண் வீட்டுக் கூடத்தில் நானும் என் கணவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அத்தை, ஆரணியிலிருந்து வந்தவர், கேசரித் தட்டை நீட்டியபடியே என் கணவரிடம் கேட்டார்.

"அக்காவ மட்டும் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, வீட்டம்மா வரலீங்களா?"

என் கணவருக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. அத்தை பதிலுக்குக்கூட நிற்கவில்லை. "அடுப்புல சாம்பார் இருக்குது" என்று கொல்லைப்புறம் ஓடிவிட்டார். அன்றைய சமையல் அவர் பொறுப்பு. தட்டு மாற்றும்போதும் கூடத்துக்கு வரவில்லை. என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். வாய் நிறையக் கேசரியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. அவருக்கு ஐம்பத்து நான்கு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை தலைக்கும் மீசைக்கும் சாயம் அடித்துக்கொள்கிற மனிதர் அவர். எனக்கோ தலையில் நரை கம்மி, பல் ஒன்றும் விழவில்லை. அப்படியானால் என்னை அக்காவாக்கியது எது? திருவண்ணாமலைக்குத் திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். முகம்தான். கண்ணோரத்திலிருந்து கன்னம் வரைக்கும் காய்ந்த ஏரி மாதிரி கோடு கோடாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

"உடு, அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்ல போல" என்றார் என் கணவர்.

"தையில கல்யாணம். அதுக்குள்ள இந்த மூஞ்சிய மாத்திக் காட்டல, நான் டீச்சர் இல்லீங்க" என்றேன். கணக்கு டீச்சர் சபதம் போட்டால் சும்மாவா? கையில் எட்டு மாதம் இருந்தது.

வைத்தியம் சொல்ல ஊரில் பஞ்சமா! எங்கள் பள்ளி ஆசிரியைகளில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பாலாடையும் கஸ்தூரி மஞ்சளும் ஒருத்தி. பப்பாளி ஒருத்தி. முட்டை வெள்ளைக்கரு ஒருத்தி. வெள்ளைக்கருவைப் பூசிக்கொண்டு, வாயை அசைக்கக் கூடாது என்று நான் சிலைபோல் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத்தான் கேஸ் சிலிண்டர் வந்தது. சைகையிலேயே பேசி வாங்கினேன். கொண்டுவந்தவர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு எப்பலேர்ந்து சார் பேச்சு வரல?" என்று பரிதாபமாகக் கேட்டாராம்.

அடுத்தது பியூட்டி பார்லர். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் இருந்தது. ஃபேஷியல், ப்ளீச் என்று இரண்டு மணி நேரம் முகத்தைப் பிசைந்தார்கள். "ஆன்ட்டி, பளபளப்பு வந்துடுச்சு பாருங்க" என்றாள் அந்தப் பெண். வந்ததென்னவோ உண்மை. விருந்தாளி மாதிரி மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது.

அதற்கடுத்த கூத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ரமணாசிரமம் பகுதியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் சிநேகிதி ஒருத்தி எனக்கு உண்டு. அறையைக் காலி செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி விட்டுப்போன ட்யூப் ஒன்றை எனக்காகப் பத்திரப்படுத்திக் கொடுத்தாள். அதன் மேல் எழுதியிருந்தது இங்கிலீஷ் இல்லை. எந்த நாட்டுப் பாஷையோ. ஃபாரின் சரக்கு, வாசனை வேறு தூக்கியது. எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று பத்து நாள் பூசினேன். அந்தப் பெண்மணி திரும்பி வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெறுங்காலோடு மலையைச் சுற்றிச் சுற்றி அவருக்குப் பித்தவெடிப்பு. அது குதிகாலுக்குப் போடுகிற க்ரீம்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து தோல் டாக்டரிடம் போனேன். வேலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் ஊருக்கு வருகிற பெண் டாக்டர். நான் சொன்ன கதையை எல்லாம் சிரிக்காமல் கேட்டார், குதிகால் உட்பட. பிறகு என் தாடையைப் பிடித்து முகத்தை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், மறுபடியும் இடப்பக்கம்.

"தினம் பஸ்ல போறீங்களா டீச்சர்?"

"ஆமாங்க. திருக்கோவிலூர் ரோட்டுல ஸ்கூல். பதினாலு வருஷமா."

"எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"லேடீஸ் சீட்டு இடப்பக்கம்தானுங்களே. எனக்கு எப்பவும் ஜன்னல் ஓரம்" என்று பெருமையாகவே சொன்னேன்.

டாக்டர் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தார். வலக்கன்னத்தைப் பார்க்கச் சொன்னார். நாற்பது வயதுக்காரியின் கன்னம். இடக்கன்னத்தைப் பார்க்கச் சொன்னார். அறுபது. இத்தனை நாள் கண்ணாடி பார்த்தும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

திருக்கோவிலூர் ரோடு தெற்கே போகிறது. காலையில் போகும்போது இடப்பக்கம் கிழக்கு. மாலையில் வடக்கே திரும்பும்போது அதே இடப்பக்கம் மேற்கு. போகும்போதும் வெயில், வரும்போதும் வெயில், இரண்டும் ஒரே கன்னத்தில். அந்த ஜன்னலுக்காகவா நான் அந்தப் பாடுபட்டேன்! 1989-இல் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்கு முன்பே டிபன் பையை ஜன்னல் வழியாக எறிந்து இடம் பிடிக்கக் கற்றுக்கொண்டவள் நான். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மாலையில் எனக்கு முந்தின ஸ்டாப்பில் ஏறும் டீச்சர் ஒருத்தி எனக்காக ஜன்னல் ஓரத்தைப் பிடித்து வைப்பாள். சுருக்கத்தைச் சண்டை போட்டல்லவா வாங்கியிருக்கிறேன்! நிச்சயதார்த்தத்தன்று நான் என் கணவருக்கு வலப்புறம் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கமாகக் குனிந்து நின்ற அத்தைக்குத் தெரிந்தது என் இடக்கன்னம் மட்டும்தான்.

இருக்கிற வைத்தியங்களை டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சென்னையில் லேசர் இருக்கிறது. ஊசி போடுகிறார்கள், சில மாதம் கோடு தெரியாது, பிறகு திரும்பி வந்துவிடும். ஆசிட் தடவி மேல்தோலை உரிப்பதும் உண்டு. நம் நிறத்துக்கு யோசித்துத்தான் செய்ய வேண்டும், கறுத்துப் போனாலும் போகும்.

"எல்லாத்துக்கும் முன்னாடி இந்த ட்யூப். ராத்திரி மட்டும், பட்டாணி அளவு. பகல்ல வெயிலுக்கு இந்த க்ரீம். ஆறு மாசம் பொறுமையா போடுங்க. ஆனா வெயில் அந்தப் பக்கமே அடிச்சுக்கிட்டிருந்தா, நான் எதைக் குடுத்தாலும் ஓட்டைப் பானையில ஊத்தின தண்ணிதான்."

எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் என் கணக்குப் புத்தி வேலை செய்தது. பட்டாணிக்கு ஆறு மாதம் என்றால் மல்லாட்டைக்கு? வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். எங்கள் மாவட்டத்துக் கைகளுக்குத் தெரிந்த அளவு அதுதான். பட்டாணியை யார் கண்டார்கள்! அதுவும் ஒற்றைப் பருப்பு இல்லை, தோட்டோடு முழு மல்லாட்டை அளவுக்குப் பிதுக்கினேன். மூன்றே மாதத்தில் முடித்துவிடலாம். ஏழாம் வகுப்புக்கு எதிர்விகிதம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா?

ஐந்தாம் நாள் முகம் சிவந்து, வறுத்த மல்லாட்டையின் சிவப்புத் தோல்போல ஊதினால் பறக்கிற மாதிரி உரிந்தது. முக்காடு போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"எதிர்விகிதத்தைப் பிள்ளைங்களோட நிறுத்திக்கோங்க டீச்சர்" என்றார். இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பிறகு வாரத்துக்கு இரண்டு ராத்திரி, பட்டாணி அளவு. பள்ளிக்கூடத்து ஆய்வகத்திலிருந்து ஒரு காய்ந்த பட்டாணியை எடுத்து வந்து கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்தேன். அதற்கு மேல் ஒரு நாளும் பிதுக்கவில்லை.

மருந்தைவிடப் பெரிய வைத்தியம் பாக்கி இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் வண்டி திரும்பும்போதே மறுபக்கம் ஓடி, டிபன் பையை வலப்பக்க ஜன்னலில் எறிந்தேன். ஏறிப் போய் உட்கார்ந்தேன். அந்த சீட்டில் தினம் உட்காருகிற கூட்டுறவு வங்கிக்காரர் வழி தவறியவர் மாதிரி நின்றார். கண்டக்டர் வந்தார்.

"டீச்சர், லேடீஸ் சீட்டு அந்தாண்டங்க."

"அந்தப் பக்கம் பெண்கள்னு எழுதியிருக்கு. இந்தப் பக்கம் ஆண்கள்னு எழுதியிருக்கா? எங்க, படிச்சுக் காட்டுங்க பாக்கலாம்."

நல்ல மனிதர், உண்மையாகவே குனிந்து தேடினார். கரம் சிரம் புறம் நீட்டாதீர் என்று மட்டும்தான் இருந்தது.

"அப்ப நாங்க எங்கங்க போறது?" என்றார் வங்கிக்காரர்.

"அந்தப் பக்கம் வெயில் ஜாஸ்தி, இங்க கம்மி. பதினாலு வருஷம் நாங்க காய்ஞ்சோம். கொஞ்ச நாள் நீங்க காயுங்க."

பஸ்ஸே சிரித்தது. நான் அசையவில்லை. முதல் வாரம் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் சீட்டில் என் பக்கத்தில் ஆண்கள் யாரும் உட்காரத் துணியவில்லை. இரண்டாம் வாரம் சத்துணவு அமைப்பாளர் வந்து உட்கார்ந்தார். அப்புறம் நர்ஸம்மா, அப்புறம் எங்கள் தமிழ் டீச்சர். ஆவணி பிறந்தபோது வலப்பக்கத்தில் முன்வரிசை நான்கும் பெண்கள். எதிர்ப்பக்கம், பெண்கள் என்று எழுதிய எழுத்துக்குக் கீழே, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆண்கள். நான் வாங்கிய எந்த நல்லாசிரியர் பாராட்டும் எனக்கு அத்தனை இன்பம் தந்ததில்லை.

தை மாதமும் வந்தது. கோடு எல்லாம் மாயமாய் மறைந்துவிட்டது என்று புளுக மாட்டேன். நெற்றியில் இரண்டு, இடக்கண்ணோரம் மூன்று நின்றன. ஆனால் காய்ந்த ஏரியில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கன்னமும் ஒரே பெண்ணின் கன்னமாகிவிட்டன.

முகூர்த்தம் முடிந்து கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றிருந்தோம். சம்பந்தியம்மாள் ஆரணி அத்தையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "இவங்கதான் மாப்பிள்ளையோட அம்மா" என்றார். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பத்தாங்க உங்களப் பாக்குறேன். நிச்சயத்துக்கு நீங்க வரலியே? மாப்பிள்ளையோட அத்தைதான வந்திருந்தாங்க. இன்னிக்கி அவங்களக் காணோமே?"

என் கணவருக்குப் பாயசம் புரையேறியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தவரின் காலை மிதித்தேன்.

"அவங்க இனிமே வரமாட்டாங்க" என்றேன்.

"ஐயோ, ஏங்க? உடம்புக்கு ஏதாவது...?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. வெயில் ஒத்துக்கல."

அத்தை அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு மண்டபத்தின் நடுவில் நின்று ஒரு சத்தம் போடலாம் போல இருந்தது. ஜெயித்துவிட்டேன்!

மறுநாள் காலை மறுவீட்டுக்குக் கீழ்பென்னாத்தூர் புறப்பட்டோம். மகனும் மருமகளும் காரில் முன்னால் போய்விட்டார்கள், நாங்கள் பஸ். நான் பழக்கடையில் தட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் என் கணவர் வண்டியில் ஏறியிருந்தார். கிழக்கே போகிற வண்டி, தை மாத வெயில் வலப்பக்கம் அடிக்கும் என்று யோசித்து, இடப்பக்க ஜன்னல் ஓரத்தில் தன் புதுத் துண்டை விரித்துப் போட்டு, பக்கத்திலேயே காவல் நின்றார். லேடீஸ் சீட்டுக்கு ஓர் ஆண் பிள்ளை காவலா என்று நான்கு பெண்கள் அவரை முறைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் துண்டை எடுத்து உதறினார்.

"வாங்கக்கா, வெயில் இல்ல, உக்காருங்க" என்றார்.

இந்தத் தடவை முதலில் சிரித்தது நான்தான்.